பங்கருக்குள் ஒரு தம்பி

எல்லா மண்ணும் எலும்பைக் காப்பதில்லை. இதை இன்று நான் சொல்லவில்லை.

இங்கே ஜேர்மனியில், வுப்பர்டால் தமிழ்க் கடை அக்கா, நான் ஜோர்தான் அகழ்வில் எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறார்.

"அந்த எலும்புக்கூடு எத்தினை வருசம்?"

"ஒன்பதாயிரத்துக்கு மேலை, அக்கா. செத்த ஆக்களை வீட்டு நிலத்துக்குக் கீழை புதைச்சு, மேலை பூசிப்போட்டு அதிலையே இருந்திருக்கினம்."

"பயமில்லையாமோ?" சிரித்தார். "எண்டாலும் விட்டிட்டு ஓடேல்லைத்தானே."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சண்டைக்குள்ளை செத்துப்போன தம்பியை, பதுங்கியிருந்த பங்கருக்குள்ளையே தாட்டுப்போட்டு ஓடினனாங்கள். கடற்கரையிலை. ஒன்பதாயிரம் வருசம் கிடக்குமெண்டா, அவன் அப்பிடியே கிடப்பான், என்ன? நீ ஒருக்கா வந்து எடுத்துத் தருவியோ?"

ஜோர்தானில் காய்ந்த சுண்ணாம்பு மண். அக்கா சொல்லும் கடற்கரையில் மழையும் உப்பும் ஊறும் மணல். தோண்ட என்னை யார் விடுவார்கள் என்பது வேறு.

"ஓம் அக்கா" என்றேன்.

எலும்பைத் தூரிகையால் துடைக்கப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தந்தார்கள். மிளகாய்த்தூளோடு வரிசையில் நிற்கும்போது இதற்கு என்ன மறுமொழி என்று யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அக்கா எனக்குப் பின்னால் நின்றவரிடம், "தம்பியை இவ எடுத்துத் தருவாவாம்" என்றார்.