எண்பத்தெட்டு இட்லி

அன்றைக்கு வேனில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒரு ஆளை விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பாளையங்கோட்டையில் காலை நேரம் மைதானத்தைச் சுற்றி நடக்கிற கூட்டத்தில் பதினெட்டுப் பேர். அதில் எனக்குப் பேர் தெரிந்தவர்கள் இரண்டே பேர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கனகா டீச்சரும் மேலப்பாளையம் காதர் பாயும். பத்தொன்பதாவது, இந்தச் சுற்றுலாவை நடத்துகிற முருகையா அண்ணாச்சி. இருபதாவது, டிரைவர் இசக்கிப்பாண்டி. இருபத்தொன்று, காட்டுக்குள் வழி காட்டுவதற்காகச் சோதனைச் சாவடியில் ஏறிக்கொண்ட ராஜன் தம்பி. இருபத்திரண்டு, மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போன நான், ஆவுடையம்மாள். வேறு யாரும் கிடையாது. ஏறும்போதும் எண்ணினேன், இறங்கும்போதும் எண்ணினேன்.

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அதற்கு நேரமும் கிடையாது. கேஸை மூடினோமா, மாவு புளித்துவிட்டதா, தவணைக்காரன் வந்தால் என்ன சொல்வது, மகனுக்கு இருமல் ஏன் நிற்கவில்லை, இப்படி நாள் முழுக்கப் பயப்படுவதற்கு எனக்கு நிறையவே இருக்கிறது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான், ஆனால் கண்ணால் பார்க்காததைச் சொல்கிறவள் இல்லை. படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், அருவருப்புக்கு அது எவ்வளவோ மேல். இதை எழுதும்போதே எழுந்துபோய் இரண்டு தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைதோறும் முண்டந்துறைக் காட்டுக்கு வேன் விடுகிறவர். “இந்தத் தடவை சாப்பாடு சரியா அமைஞ்சிட்டுன்னா இனி எல்லா ஞாயிறும் ஒனக்குத்தான் ஆவுடை” என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித் தவணையில் பெரிய கிரைண்டர் எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் திட்டினார், எடுத்தாயிற்று. அன்றைக்குச் சாப்பாடு தப்பாகப் போனால் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

காட்டுக்குள் பிளாஸ்டிக் ஆகாது, சாம்பார் கொண்டுபோனால் சிந்தும், தயிர் புளிக்கும். அதனால் பொடி இட்லி. நல்லெண்ணெயில் மிளகாய்ப் பொடியைக் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, பொட்டலத்துக்கு நான்காக வாழையிலையில் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி, நூலால் கட்டினேன். இருபத்திரண்டு பொட்டலம், எண்பத்தெட்டு இட்லி. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தேன். புதிதாக வாங்கிய ஓலைக்கூடையில் அடுக்கி, வெள்ளைத் துணியைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். எண்ணினேன், திரும்ப அவிழ்த்து எண்ணினேன், கட்டினேன். என் குணம் அப்படி.

விடிவதற்குள் கிளம்பினோம். பாபநாசத்தில் காலைச் சாப்பாட்டை ஓட்டலில் எல்லாரும் வயிறு முட்டத் தின்றுவிட்டு மலைப்பாதையில் ஏறியதும் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஒருவர் சன்னலுக்கு வெளியே எடுத்தார், காற்று அதைப் பின்சன்னலுக்குக் கொண்டுவந்தது. நான் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன்.

சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் பைகளை எல்லாம் பார்த்தார். என் கூடையிலிருந்து மேல் பொட்டலம் ஒன்றை எடுத்து, “உள்ள பிளாஸ்டிக் தாள் வச்சிருக்கியளாக்கா?” என்றார்.

“இல்லய்யா, வெறும் இலைதான். பிரிச்சே பாத்துக்கிடுங்க.”

பிரித்தார். நான்கு இட்லியும் முழுசாக, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தன. “வாசம் ஆளைத் தூக்குதே! எங்க வீட்டுக்காரி இட்லியக் கொண்டு எறிஞ்சா மிளா மானே செத்துப்போவும்” என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரே இலையை மடித்து, பூட்ஸ் கயிற்றுக்குப் போடுவதுபோல் இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டிக் கூடையின் அடியில் செருகி வைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேனை வனக் காவலர்களின் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ராஜன் தம்பி எல்லாரையும் நடத்திக் கூட்டிப்போனார். மூன்று மணி நேர நடை. எனக்கு முட்டி வலி, போகவில்லை. கூடையோடு போய்க் கொட்டகைக் குழாயில் கை கழுவிவிட்டு, வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். குரங்கு வரும் என்று சன்னல்களை எல்லாம் இசக்கிப்பாண்டி முன்பே மூடியிருந்தான். கடைசி இருக்கையில் உட்கார்ந்து கூடையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் முன்பக்கமிருந்து சத்தம் கேட்டது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுகிற சத்தம். சளக், சளக் என்று. நடுவில் நாக்கை மேல்வாயில் ஒட்டி எடுக்கிற சத்தம். இசக்கிப்பாண்டி முன் இருக்கையில் படுத்துத் தூக்கத்தில் வாயைச் சப்புகிறான் என்று நினைத்தேன். இருக்கைகளின் முதுகு உயரம், ஆள் தெரியவில்லை. “ஏலே, வாய மூடிக்கிட்டு ஒறங்குலே” என்று ஒரு தடவை அதட்டினேன். சத்தம் நின்றது. பிறகு மறுபடியும், இன்னும் பைய, நான் சொன்னதைக் கேட்டு அடக்கிக்கொண்டு சப்புவதுபோல். காதைப் பொத்திக்கொண்டேன், ஆனால் கூடையை விட்டுக் காலை எடுக்கவே இல்லை.

ஒரு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். வேர்வை நாற்றம், காலில் அட்டை கடித்த ரத்தம், பசி. காதர் பாய்க்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு நடந்தவர், கை நடுங்கிக்கொண்டே முதல் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். பிரித்தவர் என்னைப் பார்த்தார்.

நான்கு இட்லியிலும் ஒவ்வொரு கடி.

ஒரே இடத்தில், ஒரே அளவில், பிறை வெட்டினாற்போல். சிவப்புப் பொடிக்கு நடுவில் உள்வெள்ளை தெரிந்தது. பல் பதிந்த வரி வரியாக இருந்தது. கடித்த இடம் ஈரமாக இருந்தது. ஒரு இட்லிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நூல்போல எச்சில் இழுத்துக்கொண்டு நின்றது. வைத்துக் கட்டியவள் நான்தான், அந்த இலையை என் கையாலேயே தொட முடியவில்லை.

அடுத்த பொட்டலம், அதிலும் அப்படியே. அடுத்தது, அடுத்தது. ஒரு பொட்டலத்திலும் நூல் அறுந்திருக்கவில்லை, இலை கிழிந்திருக்கவில்லை. ஒன்றையாவது முழுதாகத் தின்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, திரும்ப மடித்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டு பெண்கள் ஓரமாகப் போய் ஓங்கரித்தார்கள்.

காதர் பாய் மட்டும், “நாங்க ஒரே சஹன் தட்டுல நாலு பேரு கை போட்டுச் சாப்பிடுத ஆளுங்க, எனக்கு அசிங்கம் ஒண்ணும் கிடையாது. கடிச்ச எடத்தப் பிச்சிப் போட்டுட்டுத் தின்னுக்கிடுதேன்” என்று ஒரு இட்லியைக் கையில் எடுத்தார். எடுத்த வேகத்தில் உதறினார். “நவூதுபில்லாஹ், அல்லாதான் காப்பாத்தணும்! சுடுதும்மா. கடிச்ச எடம் மட்டும் சுடுது. வாய்க்குள்ள கெடந்து வந்த மாதிரி.”

இராத்திரி மூன்று மணிக்கு அவித்த இட்லி அது. டீச்சர் பையிலிருந்து கருப்பட்டி மிட்டாய் எடுத்து அவர் வாயில் போட்டு உட்காரவைத்தார்.

முருகையா அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “எச்சில் பண்டத்தையா கட்டிக் கொண்டாந்திருக்க? எவன் வீட்டு விசேஷத்துல மிஞ்சினதுட்டீ இது?”

“அண்ணாச்சி, எம் புள்ள மேல சத்தியம், நான் ஒருத்தியா இருந்து அவிச்சேன்.”

“இங்கன கூடைகிட்ட யாரு இருந்தா?”

“நானும் இசக்கிப்பாண்டியுந்தான். அவன் முன்னால ஒறங்கிக்கிட்டுக் கெடந்தான்.”

“யாரு, நானா?” இசக்கிப்பாண்டி பதறினான். “எக்கா, நீங்க கைகழுவப் போன நேரத்துலயே நான் எறங்கிட்டேன். அப்பம் இருந்து கொட்டகையிலதான் இருக்கேன். கட்டஞ்சாயா குடிச்சிக்கிட்டுப் பேசிக்கிட்டு இருந்தோம், கேட்டுப் பாருங்க.” கொட்டகைக் காவலர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்படியானால் முன் இருக்கையில் சப்பியது யார்?

கனகா டீச்சர் கண்ணாடியைப் போட்டு இட்லிகளை உற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே ஆள் பல்லு. இவ மேல பழி போடுதியளே, இவளையே ஒண்ணு கடிக்கச் சொல்லுங்க, தெரிஞ்சிட்டுப் போவுது” என்றார். நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, அந்த இட்லி ஒன்றின் மறுபக்கத்தை நான் கடிக்க வேண்டியிருந்தது. கடித்தேன். கிரைண்டருக்காகக் கடித்தேன். விழுங்காமல் துப்பினேன். என் பல் அகலம், முன்னால் சந்து உண்டு. அந்தப் பல்லோ குறுகலாக, நெருக்கமாக, அரிவாள்மணைப் பல்போல ஒரே சீராக இருந்தது. ஒத்துப்போகவில்லை.

“அதனால என்ன? வேற ஆளு கடிச்சத நீ கட்டிக் கொண்டாந்திருப்ப” என்றார் அண்ணாச்சி.

கொட்டிவிட்டுப் போகலாம் என்றால் ராஜன் தம்பி விடவில்லை. “காட்டுக்குள்ள ஒரு பருக்கை போடக் கூடாதுக்கா, விலங்கு பழகிரும். திருப்பிக் கொண்டு போயிருங்க.” அவர் சொன்னது நியாயம்தான். எல்லாவற்றையும் குச்சியால் தள்ளிக் கூடையில் போட்டேன். அடியில் காவலர் கட்டிய இரட்டைச் சுருக்குப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது, அதைப் பிரிக்க விடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கீழே வைக்காதே என்றார்கள், மடியில் வைத்துக்கொண்டேன். குளிர்ந்த கூடைதான் வைத்தேன். கொஞ்ச தூரத்தில் மடி சூடாகிவிட்டது. புழுங்கிய சூடு இல்லை, யாரோ முகத்தை மடியில் கவிழ்த்து மூச்சு விடுகிற சூடு.

சோதனைச் சாவடியில் காவலரைக் கூப்பிட்டேன். “அய்யா, காலையில நீங்க கட்டுன பொட்டலம் இது. நீங்களே பிரியுங்க. உள்ள எப்படி இருந்துச்சின்னு இவிய கிட்டச் சொல்லுங்க.”

அவர் சுருக்கைப் பார்த்தார். “நான் போட்ட கட்டுதான்” என்று சிரித்துக்கொண்டே இழுத்தார். இலை விரிந்தது. நான்கு இட்லி, நான்கு கடி. சிரிப்பு நின்றுவிட்டது. “முழுசால்லா இருந்துச்சு” என்றார். விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கால்சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“கேட்டுக்கிட்டியளா அண்ணாச்சி?” என்றேன். அழுதுவிட்டேன்.

அவருக்கும் முகம் வெளுத்துத்தான் போயிருந்தது, ஆனால் இறங்கிவர மனமில்லை. “சரிம்மா, நீ கடிக்கல. அதுக்காவ திங்காத பண்டத்துக்கு நான் காசு தர முடியுமா? யாரு தின்னாவளோ அவியகிட்ட வாங்கிக்கோ.” சொன்னதோடு நிற்காமல், சன்னலில் தலையை நீட்டி, மலைப்பக்கம் பார்த்து, “ஏய், கேட்டுக்கோ! ஆவுடைக்குத் தர வேண்டிய பாக்கி இனிமே ஒம் பேர்லதான்!” என்று கத்தினார்.

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரும்வே” என்றார் காதர் பாய். வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பாபநாசத்தில் இறங்கிக் கூடையோடு குப்பைத் தொட்டியில் போட்டேன். புதுக்கூடை. அந்த ஞாயிறோடு ஆர்டர் போயிற்று. கிரைண்டரைத் தூக்கிப் போய்விட்டார்கள். இப்போது வீட்டு வாசலில் தோசை சுடுகிறேன், நின்று தின்கிறவர்களுக்கு மட்டும். பொட்டலம் கேட்டால் இல்லை என்றுவிடுவேன். தின்னும்போது யாராவது வாயைத் திறந்து மென்றால் அடுப்பை விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

வீட்டுக்காரர் நினைக்கிறார், நான் காசுக்காக முருகையா அண்ணாச்சி வீட்டுக்கு நடையாய் நடக்கிறேன் என்று. மூன்று தடவை போய்க் கேட்டேன். பத்து ரூபாய் குறைத்தாவது உங்கள் கையால் கொடுத்துக் கணக்கை முடியுங்கள் என்று கெஞ்சினேன். “அதான் ஆளக் காட்டிட்டேனே” என்று சிரிக்கிறார். அந்த ஆள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாணயமான ஆளாக இருந்தால், ஒருநாள் கொடுக்கத்தானே வரும்? தோசைக்குக் காசு நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் கையைப் பார்ப்பதற்கு முன் பல்லைப் பார்க்கிறேன். யார் தந்தாலும் மறுபடி எண்ணிப் பார்க்கிறேன், அந்தத் தொகையாக இருந்துவிடக் கூடாதே என்று. இருபத்திரண்டு பொட்டலம், பொட்டலம் எழுபது, முன்பணம் ஐந்நூறு போக, எனக்கு இன்னும் வர வேண்டியது ஆயிரத்து நாற்பது ரூபாய்.