தலையிடச் சொன்னவர்

மாதேஷ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது வந்தது. எங்கள் பழைய படப்பிடிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருந்தார்கள். கீழே கைகூப்பிய படங்கள் வரிசை கட்டி நின்றன. ‘ஆண்டவன் சித்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ரயிலை விட்டேன். வெளியே வந்து மாரண்டஹள்ளிப் பக்கம் போக பஸ் தேடினேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான ஒரு விண்வெளித் தொடருக்கு மாதேஸ்வரன் கதை வசனம் எழுதினார், நான் இயக்கினேன். பட்டணத்துத் தொலைக்காட்சி ஒன்றில் வந்தது. விண்கலம் என்று நாங்கள் காட்டியது தகர ஷெட்டில் அட்டையும் வெள்ளிக் காகிதமும் ஒட்டிச் செய்தது. கதை மட்டும் ஒட்டுவேலை இல்லை, அதற்கு மாதேஷ் அண்ணன் பொறுப்பு.

அவர் எழுதியதிலேயே பெரியது ஊற்றுத்தண்ணீர் கதை. தூரத்துக் கிரகம் ஒன்றில் ஒரு ஜனம் ஓர் ஊற்றைச் சாமியாகக் கும்பிடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அவர்களுடைய எலும்புகள் வளைகின்றன. மேலே நிற்கும் விண்கலத்தில் இருக்கிற மருத்துவருக்குக் காரணம் தெரியும். ஆனால் மற்ற ஜனத்தின் வழிபாட்டில் கை வைக்கக் கூடாது என்பது கலத்தின் சட்டம். மருத்துவர் சட்டத்தை மீறி இறங்கிப் போய்ச் சொல்கிறார். கல்லடி படுகிறார். கடைசியில் ஒரே ஒரு தாய் மட்டும் ஊற்றில் மொண்ட குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளையோடு நடக்கிறாள். அவ்வளவுதான் கதை.

“இதெல்லாம் எங்கண்ணா பிடிச்சீங்க?” என்று கேட்டேன். உதட்டைத் தூக்கித் தன் பல்லைக் காட்டினார். எங்கள் மாவட்டத்து ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த காவிப் பல். “ஊருக்கெல்லாம் இதாம்மா. பாத்துட்டுப் போனவங்க எத்தனையோ பேரு. பாக்கறதுக்கு மட்டும் வர்றதுன்னா அவன் எதுக்கும்மா அத்தனை தூரம் வரணும்?” என்றார்.

அதைப் படம் பிடிக்கச் சித்தேரி மலைக்குப் போனோம். ஊற்றங்கரையில் கேமரா வைக்கச் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். நம் பக்கத்து வழக்கம்தான். சாமி சிலையின் இரண்டு தோளிலும் பூவை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் கூடாது. பூ அசையவே இல்லை. எங்கள் ஆட்கள் வெளிச்சம் போகிறது என்று முணுமுணுத்தார்கள். மாதேஷ் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. “நம்ம சேனல்காரனுக்கு இது தேவலாம்மா. வேணும் வேணாம்னு ஏதோ ஒண்ணு சொல்லிப்புடும்” என்று என் காதில் சொன்னார். வலப்பக்கப் பூதான் விழுந்தது.

சேனல்காரன் சொல்லாமலே செய்தான். மத உணர்வு புண்படும், வம்பு வேண்டாம் என்று கடைசிக் காட்சியை வெட்டிவிட்டார்கள். ஒளிபரப்பில் மருத்துவர் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார், கலம் கிளம்பிவிடுகிறது. பின்னணியில் புல்லாங்குழல். பிறர் நம்பிக்கையை மதிக்கக் கற்றுக்கொடுத்த கதை என்று ஊரே மெச்சியது. ஒரு சங்கத்தார் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். “நான் எழுதுனது இது இல்லீங்க” என்று மேடையிலேயே சொல்லிவிட்டுக் கேடயத்தை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார். தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சேனலுக்கு அவர் எழுதவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் குடலில் கட்டி வந்தது. உடனே அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் தன் கையில் இல்லை என்று சேலத்து டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் அவருடன் பிறந்த ராஜம்மா அக்கா குலசாமி கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். இடப்பக்கம் விழுந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

ராஜம்மா அக்கா அவருக்கு அம்மா மாதிரி. அம்மா செத்த வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். மாரண்டஹள்ளிச் சந்தையில் தக்காளி விற்றுப் படிக்க வைத்தவர். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்க்கவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் போனேன். தெரிந்தும் வாசலிலேயே சண்டை போட்டேன்.

“டாக்டரு சொல்லறதக் கேக்காம பூவக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களேக்கா” என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. “நீங்க மாதாகோயிலுக்குப் போறவங்க. உங்க சாமி விசயத்துல நான் வந்து ஏதாச்சும் பேசியிருக்கேனுங்களா? இது எங்க வூட்டுச் சாமிங்க. கேட்டாச்சு, சொல்லிருச்சு. நீங்க ஒதுங்கிக்கங்க” என்றார்.

நான் ஞாயிறு பூசை தவறாதவள். சாமியோடு எனக்கு வழக்கு கிடையாது. என் கோபமெல்லாம் உள்ளே கட்டிலில் படுத்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள்மேல். போய் எதிரே நின்றேன்.

“அண்ணா, நீங்க நம்பறீங்களா இத?”

“இல்லம்மா.”

“அப்பறம்? ஊற்றுத்தண்ணிக் கதைய எழுதுன ஆளு நீங்கதான?”

சிரித்தார். “அது கதைம்மா. அந்த ஊர்ல எனக்கு அக்கா இல்ல.”

எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. அவரே மெதுவாகச் சொன்னார். “பூக் கேட்டுட்டு வந்த அன்னிக்குத்தான் அக்கா நல்லாத் தூங்குச்சு. நான் மீறிப் போயி டேபிள்லயே செத்துட்டேன்னு வையி. தடுக்காம விட்டுட்டனேன்னு சாகற வரைக்கும் தன்னையே தின்னுக்கும்.”

“மீறாம செத்தா?”

“அப்ப பழி சாமி மேல போவும். சாமி தாங்கும்.”

நான் விடவில்லை. டாக்டரைப் பேசவைத்தேன். ஊரில் பெரியமனிதர்கள் என்று பெயர் வாங்கியவர்களிடமெல்லாம் போனேன். “குடும்ப விசயம்ங்க”, “சாமி விசயம்ங்க”, “நாம எப்படிங்க தலையிடறது?” என்று ஆளாளுக்கு நழுவினார்கள். அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். படியுங்கள். கடைசியாக ஒரு நாள் வீட்டு வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாதேஷ் அண்ணன் ஏற மாட்டேன் என்றார். அக்கா காரைத் திருப்பச் சொல்லி என் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினார். மறுபடி பூக் கேட்டு, அது வலப்பக்கம் விழுந்து அவர்கள் சேலம் போனபோது, இனி அறுத்துப் பயனில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

தர்மபுரியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நீங்கள் திரளாக வந்தீர்கள். கேடயம் கொடுத்த சங்கத்துக்காரர்தான் தலைமை. தான் நம்பாவிட்டாலும் பிறர் நம்பிக்கையைக் கடைசி மூச்சுவரை மதித்தவர் என்று பேசினார். பலத்த கைதட்டல். இந்த முறை மறுக்க அவர் இல்லை. நான் எழுந்து, அவர் மதித்தது நம்பிக்கையை இல்லை, ஒரு பொம்பளையின் தூக்கத்தை என்று சொல்லியிருப்பேன். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை.

காரியம் முடிந்து போய்ப் பார்த்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தை நிமிர்த்திக் கேட்டார்.

“அவனும் படிச்சவன், நீங்களும் படிச்சவங்க. நான் ஒரு கேனச்சி, பூவப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்களாச்சும் அவன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கக் கூடாதுங்களா?”

என் வாய்வரைக்கும் வந்தது. கதவைச் சாத்தியது யார் அக்கா? ஒதுங்கிக்கங்க என்று சொன்னது யார்? காரைத் திருப்பி அனுப்பியது யார்? எல்லாமே நடந்தவை, பொய் ஒன்றும் இல்லை. சொன்னால் அன்றைக்கே அந்த மனுஷி ஒடிந்துபோவார் என்பதும் தெரிந்தது. அண்ணன் போட்ட கணக்கு தப்பு. பழி சாமி மேல் போகவில்லை. பாதி அக்கா மேல் விழுந்துகிடந்தது, மீதியை வைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

“ஆமாங்கக்கா. இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்” என்றேன்.

அக்கா தலையாட்டிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன்.

மாதேஷ் அண்ணன் விட்டுப்போனவற்றில் என்னிடம் தங்கியிருப்பது, அக்காவுக்காக வாயை மூடிக்கொள்கிற இந்தப் பழக்கம்தான். அவருடைய வசனங்களையெல்லாம் விட்டுவிட்டு இதைப் போய் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இப்போது புரிகிறது. ஆனாலும் அவர் செய்ததற்கு நான் அவரை மன்னிக்கவில்லை.