காந்தம் ஒட்டாத அண்டா

என் வீட்டுக்காரருக்கு உலோகக் கலவைதான் உத்தியோகம். கடலோரத்து அணு ஆராய்ச்சி வளாகத்தில் எஃகை இழுத்து, வளைத்து, சுட்டு, அது எப்போது உடைகிறது என்று குறித்துவைக்க அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் பரவாயில்லை. கல்யாணமான முதல் வாரம், அணுபுரம் குவார்ட்டர்ஸில், என் தாலியை விரலால் எடுத்துப் பார்த்தார். ஏதோ ஆசையாகச் சொல்லப்போகிறார் என்று நானும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

"சுத்தத் தங்கத்துல இதைச் செஞ்சா வளைஞ்சிடும். இருபத்துநாலுல ரெண்டு பங்கு செம்பும் வெள்ளியும் கலந்திருக்கு, அதான் நிக்குது" என்றார்.

அதோடு ஆசைப் பேச்சு முடிந்தது. குத்துவிளக்கு ஏற்றினால், பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் என்பார். திருக்கழுக்குன்றம் கோயிலில் எல்லாரும் மணிச்சத்தம் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது இவர் மட்டும் காதைச் சாய்த்து, வெள்ளீயம் அஞ்சுல ஒரு பங்கு இருக்கும், அதனாலதான் இந்தக் கார்வை என்பார். டிரான்சிஸ்டர் ரிப்பேர்காரரிடம் பற்றவைக்கிற ஈயத்தில் வெள்ளீயம் எவ்வளவு, காரீயம் எவ்வளவு என்று கேட்டு, பாட்டு கேட்க இருந்த ஒரே பெட்டியையும் பத்து நாள் கடையிலேயே தங்கவைத்தார்.

ஆனால் குடியிருப்பில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எவர்சில்வர்தான். பாத்திரம் வாங்கப் போகும் பெண்கள் எல்லாரும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நல்ல எவர்சில்வரில் நூத்துல குரோமியம் பதினெட்டு பங்கு, நிக்கல் எட்டு பங்கு, மீதி இரும்பு இருக்கணும் என்று அவர் ஆரம்பிப்பார். அதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் சுருக்கமாக ஒரு சூத்திரம் சொல்லி அனுப்பினார்: காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி. அது பாதிதான் உண்மை என்று அவருக்கே தெரியும். மீதியைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை, அவருக்கும் பேர் வாங்குகிற சுகம் விடவில்லை. நாலைந்து வருஷத்தில் அந்தச் சூத்திரம் குடியிருப்பைத் தாண்டிக் கேளம்பாக்கம் வரைக்கும் பரவியது. மாமல்லபுரத்திலும் அது போய்ச் சேர்ந்திருந்தது என்பது என் தங்கைக்கு வரன் அமைந்தபோதுதான் தெரிந்தது.

தங்கையின் கல்யாணம் தொண்ணூறுகளின் கடைசியில். எங்கள் அப்பா ரயில் பாதையில் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர். சீரில் ஒரு குறை என்று ஒருத்தர் வாயில் வரக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். செங்கல்பட்டு பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி, தட்டித் தட்டிப் பார்த்து, அண்டாவிலிருந்து கரண்டிவரை கனமான பாத்திரமாக வாங்கி வந்தார். பேர் மட்டும் வெட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்த பிறகு வெட்டலாம் என்று வைத்திருந்தார்.

பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்னால் மாமல்லபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூடத்தில் பாயை விரித்துப் பாத்திரங்களைப் பரப்பியிருந்தோம். தங்கையின் மாமியாராகப் போகிறவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கதான் காந்தம் வெச்சிப் பாக்கறவராமே. இத்தையும் ஒரு தபா பாத்துடுங்களேன்."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். வேறு யாராவதாக இருந்தால் அந்தப் பையில் பேனாதான் வைத்திருப்பார்கள். அண்டாவின் அடியில் வைத்தார், நழுவியது. சபையைப் பார்த்துச் சிரித்தார். அத்தோடு எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். விளிம்பில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் உண்மை. தகட்டை அச்சில் வைத்து இழுத்து அண்டாவாக்கும்போது விளிம்பில் உலோகத்தின் உள் அமைப்பு மாறும், அதனால் அங்கே மட்டும் காந்தம் பிடிக்கும், இது முதல் தரமான எவர்சில்வர் என்று கால் மணி நேரம் விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ ஒட்டுனா நல்லதா தம்பி, ஒட்டாங்காட்டி நல்லதா?"

இந்த மனுஷன் ஒரு வார்த்தையைக் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். விஞ்ஞானி ஆயிற்றே. "அதை வெச்சு மட்டும் எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

"நாலு வருஷமா சொல்லிகினு இருந்தீங்களே" என்றார் அந்த அம்மா. பிறகு அப்பாவிடம், "நல்ல பாத்திரமா மாத்திடுங்க அண்ணே. அப்பால பத்திரிகை அடிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வைத்த காபியைக் குடிக்கவில்லை. தங்கை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அப்பா தனியாக ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போய் மாற்றிவந்தார். புதியவற்றில் எந்த மூலையில் வைத்தாலும் காந்தம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. என் வீட்டுக்காரர் ஒரு குடத்தைத் தூக்கிப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது. சமையலறைக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"இதுல நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு போட்டு ஒப்பேத்தியிருக்கான். காந்தம் ஒட்டாது. ஆனா கடற்கரை உப்புக் காத்துக்குத் தாங்காது."

"கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறந்தீங்கன்னா நான் எங்கப்பா வூட்டோட இருந்துடுவேன்" என்றேன். கல்யாணம் நன்றாக நடந்தது. மட்டமான பாத்திரத்தை மாமல்லபுரத்துச் சொந்தக்காரர்கள் தட்டித் தட்டிப் பாராட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமியார் அந்த அண்டாவைக் கொல்லையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து எல்லார் நடுவிலும் நிறுத்தினார். அடியெல்லாம் பழுப்புப் புள்ளி, ஊசியால் குத்தியதுபோல.

"பாருங்க அண்ணே உங்க சீரை. எவர்சில்வரு துரு புடிச்சு எங்கனா பாத்துகீறீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கடைல ஏமாந்துட்டேம்மா. படிக்காதவன், எனக்கு இன்னா தெரியும்" என்றார். அத்தனை பேர் முன்னால். வாயைத் திறக்காதே என்று அன்றைக்கு மிரட்டியவள் நான்தானே.

ஊர் திரும்ப ஏறிய திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். "மாமா, தப்பு கடைக்காரன் மேல இல்ல. முதல்ல வாங்கினதுதான் நல்லது. மாத்தினது மட்டம்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

"எனக்குந் தெரியும் மாப்ள" என்றார் அப்பா. "கடைக்காரன் அன்னிக்கே சொன்னான், இது மட்டம், ஆனா காந்தம் புடிக்காதுன்னு. தெரிஞ்சிதான் வாங்கியாந்தேன்."

"அப்போ ஏன் மாமா ஏமாந்துட்டேன்னு சொன்னீங்க?"

"வேற இன்னான்னு சொல்றது? காந்தம் வெச்சது நீங்க. நம்ம ஜனத்துல இவ்ளோ பெரிய வேலைல கீற ஆளு நீங்க ஒருத்தருதான். நீங்க தப்பா சொல்லிட்டீங்கன்னு பேராவக் கூடாது. நான் ஏமாந்தவன்னு பேரு வாங்குனா எனக்கு இன்னா நஷ்டம்?"

சீரில் ஒரு சொல் வரக் கூடாது என்று இருந்த மனிதர். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் தனியாக மாமல்லபுரம் போனார். தங்கையின் மாமியாரிடம், குற்றம் முழுக்க என்னுடையது, நல்ல பாத்திரத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது நான்தான், மாமா உங்களுக்காகத்தான் தெரிந்தே மாற்றினார் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தார்.

"அவங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏமாந்துபோன மாமனாருக்காக எப்படிப் பரிஞ்சு பேசறீங்க தம்பி, இந்த மாதிரி மருமகன் யாருக்குக் கிடைப்பாங்கன்னு சொன்னாங்க."