மடங்காத விரலுக்கு ஒரு கத்தி

கெளுத்தி முள் குத்தி என் மனைவியின் வலது ஆள்காட்டி விரல் வீங்கியது. வீக்கம் வடிந்துவிட்டது, விரல்தான் மடங்க மறந்துவிட்டது. பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. நீட்டிக்கொண்டு நிற்கும் விரலோடு கடைக் கத்தியைப் பிடித்தால் நழுவியது. துணி சுற்றிக் கொடுத்தேன். ஈரம் பட்டதும் இன்னும் மோசம். ஒரு மாதம் ஆள் உட்காராத வெட்டுப் பலகை அங்கே இன்னொருத்தருக்குப் போய்விடும். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் போய்விடும். அதில் பத்து நாள் போயிருந்தது.

நானே ஒரு கத்தி செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். நான் ஏரியில் வலை போடுகிறவன். கத்தி செய்வதில் எனக்கு இருந்த படிப்பெல்லாம் போனில் பார்த்த வீடியோதான்.

படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் இடத்தில் தேய்ந்த அரம் ஒன்று கிடைத்தது. அதைக் கொட்டாங்குச்சிக் கரியில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டேன். இரும்பு இளகியதும் இன்னொரு அரத்தால் நாலு நாள் ராவி, கத்தி என்று சொல்லும்படி ஆக்கினேன். இனி மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக வைக்க வேண்டுமாம். வாசலில் ஏரியை வைத்துக்கொண்டு எண்ணெய் எதற்கு என்று நினைத்தேன். ஏரித் தண்ணீரை ஒரு வாளி மொண்டு வந்தேன். கோடையில் உப்பேறிக் கிடந்த தண்ணீர். முக்கியதும் நண்டுக்கால் ஒடிகிற மாதிரி 'டிக்' என்று ஒரு சத்தம். கத்தியின் குறுக்கே மயிரிழை விரிசல்.

பக்கத்து வீட்டு அக்கா ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மீன வெட்டாது நைனா. தடவிக் குடுக்கும்."

அந்த வார்த்தை எனக்கு முன்னாலேயே மார்க்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது. கோபம் வரவில்லை. அவ்வளவு நல்ல பேச்சுக்கு யாரால் கோபப்பட முடியும்?

இன்னொரு தேய்ந்த அரம் வாங்கி வந்து மறுபடி ராவினேன். இந்தத் தடவை முக்குவதற்கு மனைவி எண்ணெய் கொடுத்தாள், மீன் வறுத்து மிஞ்சியது. எங்கள் கத்தி பிறக்கும்போதே மீன் வாசத்தோடு பிறந்தது. இறுகிய இரும்பு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். இளஞ்சூட்டில் வைத்து, வைக்கோல் நிறம் வந்ததும் எடுக்கச் சொன்னது வீடியோ. புது வைக்கோலா, மழையில் நனைந்த வைக்கோலா? எங்கள் பக்கத்து உப்பு மண்ணில் நெல்லைக் கண்டது யார்? நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவளே தோசைக்கல்லை அடுப்பில் போட்டுக் கத்தியை அதன்மேல் வைத்தாள்.

"வறுக்கறப்ப நெத்திலிய எப்ப எடுப்பேன்? அந்தக் கலருல எடுக்கலாம். நீ கம்முனு இரு."

தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில் மஞ்சள் மெல்லப் படர்ந்து, பொன்னாகி, கொஞ்சம் சிவக்கப் பார்த்தது. எடு என்றாள், எடுத்தேன்.

பிடியில் மறுபடியும் கோட்டைவிட்டேன். பூவரசங்கட்டையைச் செதுக்கிச் செதுக்கி என் கைக்குக் கச்சிதமாகப் பொருத்தியிருந்தேன். அவள் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்துக் கத்தி மாதிரி இறுக்கிப் பிடித்து என்னிடம் நீட்டினாள். மூன்று விரல் பதிந்த பள்ளம் பக்கவாட்டில். மேல்பக்கம், மடங்காத விரல் படுக்க நீளமாக ஒரு வாய்க்கால்.

"இத்த மாரி செதுக்கு."

மாவு காய்வதற்குள் அளவெடுத்துச் செதுக்கினேன்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் பலகையில் போய் உட்கார்ந்தாள். ஏலம் பார்க்கிறவன் போல நான் தள்ளி நின்றேன். முதலில் வந்தது ஒரு மடவை. செதில் பறந்தது, தலை தனியாக வந்தது, துண்டு ஒவ்வொன்றும் ஒரே கனம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

இறால் விற்க வந்த பக்கத்து வீட்டு அக்கா கத்தியைக் கேட்டு வாங்கிப் பிடித்துப் பார்த்தார். "இன்னாமே, கையில நிக்கவே மாட்டேங்குது."

"ஒனக்கு எதுக்குக்கா நிக்கணும்? அது எனுது" என்று வாங்கிக்கொண்டு, அடுத்த மடவையைப் பலகை மேல் இழுத்துப் போட்டாள்.