மடிக்காக ஏங்கினேன்

அன்பான சகோதரிகளே, உட்கார முடியாமல் இருந்த என்னை உட்காரவைத்த தேவனைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானே பிறகு சிரித்திருக்கிறேன்.

கோச்சடையில் இருக்கிறேன். பள்ளிக்கூட டீச்சர். மகள் ஜெனி பிறந்த பிறகு மலச்சிக்கல் வந்து, ஆசனவாயில் ஒரு வெடிப்பு விழுந்தது. வருஷக்கணக்கில் ஆறவே இல்லை. தினமும் காலையில் உயிர் போகும். அப்புறம் மணிக்கணக்கில் எரியும். களிம்பு, வெந்நீர், கீரை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஜெனி மடியில் ஏற வரும்போது, "வேணாம்டா" என்று தள்ளிவிட்டேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு அவள் என்னிடம் வருவதையே விட்டுவிட்டாள். அப்பா மடிக்குப் போய்விடுவாள். நான் சுவரோரம் நின்று பார்ப்பேன். அவள் தலையின் எண்ணெய் வாசனைக்கு எவ்வளவு ஏங்கினேன்!

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். "ஆபரேஷன்ல ஆசனவாய்த் தசையைக் கொஞ்சம் வெட்டிவிடுவோம். நல்லா ஆறும், திரும்ப வர்றது குறைவு. ஆனா சிலருக்குக் காத்து, மலம் அடக்குறது சிரமமாகலாம். ஊசி போட்டா கொஞ்ச மாசம் தசை தளர்ந்திருக்கும், அதுக்குள்ள புண்ணு ஆறணும். ஆறாமலும் போகலாம், திரும்பவும் வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டுக்கும் பயந்தேன். "எதுன்னு நீரே சொல்லும் ஆண்டவரே" என்று அழுதேன்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நான் "சரீர பலவீனம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஜெபம் நடத்தும் ஸ்டெல்லா அக்கா அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, "தாமதிக்காமல் அடுத்த பிள்ளையைத் தாரும்" என்று உருகி உருகி ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை வேணாம்க்கா! வெளிக்குப் போற எடத்துல வெடிப்பு. உக்கார முடியலக்கா" என்று வெடித்து அழுதுவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, இதைச் சொல்லவா இம்புட்டு நாளு? எனக்கும் இதே கஷ்டந்தான். ஆபரேஷன் பண்ணித்தான் சரியாச்சு. உனக்குப் பிரசவத்துல தையல் போட்டாகளா? டாக்டர்ட்ட அதைச் சொன்னியா?"

ஆழமாகவே போட்டிருந்தார்கள். வெட்கத்தில் நான் சொல்லவில்லை. நான் ஆண்டவரிடம் கேட்ட பதில் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

அக்காவே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா மறுபடி பரிசோதித்துவிட்டு, "தையல் போட்ட தசை ஏற்கெனவே பலவீனமா இருக்கு. உங்களுக்கு முதல்ல ஊசிதான்" என்றார். மறுநாளே குணமாகிவிடவில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல எரிச்சல் அடங்கியது. திரும்ப வருமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. அதற்காகவும் இப்போது பெயர் சொல்லியே ஜெபிக்கிறேன். நீங்களும் வியாதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நம்மைப் படைத்தவரிடம் என்ன கூச்சம்?

ஒரு சாயங்காலம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஜெனியைக் கூப்பிட்டேன். அவள் தள்ளியே நின்றாள்.

"அம்மாவுக்கு வலிக்கும்ல?"

"வலிக்காதுடா, வா."

பாதி பாரத்தைத் தரையில் ஊன்றிய கையில் தாங்கிக்கொண்டு என் மடியில் பயந்து பயந்து உட்கார்ந்தாள். நான் இழுத்து அணைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் என் கால் மரத்துப்போனாலும் இறங்க மாட்டேன் என்கிறாள். அந்த மரத்துப்போன காலுக்கும் ஸ்தோத்திரம்.