பச்சோந்தி கடித்தாலும் பாதகமில்லாத செடி

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், பெங்களூரில் அவள் வளர்த்துவந்த பச்சோந்தி, கொடைக்கானல் கீழ்மலையில் பெரும்பாறையிலிருக்கும் எங்கள் காப்பித் தோட்ட வீட்டுக்கு வந்துசேர்ந்தது. நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கச் சட்டம் விடாது. இது அரேபியப் பக்கத்து இனம். முறையாகப் பதிவுசெய்து வாங்கியது. கூடவே ஆளுயரத்தில் ஒரு வலைக்கூண்டும் வந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் கொடிகளை அவளே பிய்த்து எறிந்திருந்தாள்.

"உயிருள்ள செடியா வைம்மா. ஆனா இது இலையையும் கடிச்சுத் தின்னும், பாத்து வை" என்று விமான நிலையத்திலிருந்து போனில் சொன்னாள்.

பார்த்து வை என்பதை என் கணவர் பார்க்க அழகாக வை என்று எடுத்துக்கொண்டார். நிறம் மாறுகிற பிராணிக்கு நிறம் நிறமாகச் செடி வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகவே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனார்.

நர்சரிக்குள் நுழைந்ததுமே, மணிமணியாகப் பூத்துத் தொங்கிய ஒரு செடியின் முன் நின்றுவிட்டார். நர்சரி நடத்துகிற பெண், அது ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடி என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார். அடுத்து வெள்ளைத் திட்டுப் போட்ட பெரிய இலைச் செடி. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்; கடித்தால் வாய் வீங்கிவிடும், வேண்டாம் என்றாள். குரோட்டனுக்கும் அதே பதில்தான்.

"இதுக்கு ஒரு மாப்பிள்ளையே பாத்து முடிச்சிருக்கலாம்" என்றார் இவர். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

செம்பருத்திக்கு மட்டும் மகளிடமிருந்து உடனே சம்மதம் வந்தது. இலை, பூ இரண்டையும் அது தாராளமாகத் தின்னலாமாம். அடர்த்தியான தொட்டி ஒன்றைத் தூக்கிக் கார் வரைக்கும் போய்விட்டோம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மருந்து ஏதும் அடித்ததா என்று திரும்பிக் கேட்டேன்.

"ஆமாக்கா, முந்தாநாள்தான் ரோசாவுக்கு அடிச்சேன். பக்கத்துல கெடக்குறதுக்கும் விழத்தானே செய்யும்?"

இவர் தொட்டியை இறக்கி வைத்தார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் மனசு கேட்கவில்லை போலும். வீட்டு ஜன்னலில் வளர்த்த, நீள நீள இலை தொங்கும் ஸ்பைடர் செடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "இதுல மருந்து கிருந்து படலக்கா. உங்க பிள்ளைக்குக் கொண்டு போங்க."

மலை இறங்கும் வழியில்தான், பூஜைக்குப் பூப் பறிப்பதால் எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு மருந்தே காட்டியதில்லை என்பது எனக்கு உறைத்தது. அதனடியில் முளைத்திருந்த கன்றுகள் இரண்டைப் பெயர்த்து, ஸ்பைடர் செடியோடு சேர்த்து உரம் கலக்காத மண்ணில் நட்டுக் கூண்டுக்குள் வைத்தோம். இலை இலையாகக் கழுவினோம். மண்ணைத் தின்றுவிடாதபடி மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்பினேன். ஏறி நடக்க, தோட்டத்தில் கவாத்தின்போது வெட்டிப்போட்ட காப்பிக் கிளைகளை இவர் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்.

திறந்துவிட்டதும் பச்சோந்தி ஆடி ஆடி ஒரு கிளையில் ஏறி, இலைக் கூட்டத்துக்குள் போனது. அவ்வளவுதான், காணோம். கூண்டு பூட்டித்தான் இருந்தது. இருந்தும் இவர் கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். சற்று நேரம் கழித்து ஒரு செம்பருத்தி இலை தானாக ஆடியது. அதன் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் எங்களை நோக்கித் திரும்பியது. பிறகு அந்த இலையில் பாதியைக் காணோம்.

"தின்னுருச்சு, தின்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டார். அங்கே அவளுக்கு என்ன மணியோ.

இப்போது வெள்ளனே எழுந்து பூப் பறிக்கப் போகிறவர், முதல் பூவோடு நேராகக் கூண்டுக்குத்தான் வருகிறார். சாமிக்கு எங்கே என்று கேட்டால், செடியில் இன்னும் இருக்கிறது, போய்ப் பறித்துக்கொள் என்கிறார்.