மரூசோவின் நேர்த்திக்கடன்

நாக்சோஸ் தீவில் சில குடும்பங்களில் ஆட்டு ரோமம் போன்ற சுருள்முடியோடு பிள்ளைகள் பிறக்கும். நடக்கத் தொடங்கியதும் உள்ளங்கை காய்த்துத் தடித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று செத்துப்போய்விடுவார்கள் என்று ஊருக்குத் தெரியும். மரூசோவின் புருஷன் ஃப்ளோரியோஸ் முப்பத்தாறு வயதில், உருளைக்கிழங்குக் காட்டில், மண்வெட்டியைக் கையில் பிடித்தபடியே போனான். அன்று அவள் நேர்ந்துகொண்டாள்: மகன் வளர்ந்ததும் ஆகஸ்டுத் திருநாள் ஊர்வலத்தில் மாதாவின் படத்தைச் சுமப்பான்.

மகன் யாகுமிஸுக்கும் அதே முடி, அதே கை. அவனுக்கு இருபத்திரண்டு வயதானபோது, மாதம் ஒருமுறை தீவுக்கு வரும் இதய டாக்டரம்மா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசை தடவித் திரையில் காட்டினார்.

"இதயத்தோட வலப்பக்கம் பாருங்க மரூசோ. வீங்கியிருக்கு, சுவரும் மெலிஞ்சுபோச்சு. எப்ப வேணாலும் நின்னுடலாம். தோலுக்கடியில ஒரு சின்னக் கருவி வெச்சா, நின்னாலும் உசுப்பிவிட்டுடும். இந்த வாரமே ஏதென்ஸுக்கு வாங்க."

"திருநாளுக்கு எட்டு நாள்தானே இருக்கு. முடிஞ்ச கையோட வந்துடுறோம்."

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்கம்மா."

"நேந்துகிட்டவ நான், டாக்டரம்மா. பயம் எனக்குத்தானே."

யாகுமிஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தான். "கிழங்கு மூட்டையே தூக்குறேன். மாதா அதைவிடவா கனம்?"

திருநாளன்று படத்தோடு ஏறும்போது கோயிலின் மூன்றாவது படியில் அவன் நின்றான். படத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. படம் தரையில் படவே இல்லை என்று ஊரே சொல்லிச் சொல்லி ஆறுதல்பட்டது. மரூசோவுக்கு அது ஆறுதலாக இல்லை.

நாற்பதாம் நாள் அவன் நினைவுப் பூசைக்காக, வழக்கப்படி கோயிலுக்குக் கோதுமை வேகவைத்து, மேலே சர்க்கரை தூவி, வாதுமையால் சிலுவை வரைந்து முடித்தாள். டாக்டரம்மா தீவுக்கு வந்திருந்ததும் அன்றுதான். தட்டைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு மகள் கல்லிரோயைக் கூப்பிட்டாள். பதினேழு வயது, அண்ணனின் முடிதான் அவளுக்கும்.

"அம்மா, இன்னிக்கு அண்ணனோட நாள். நாம இல்லாம எப்படி? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். அண்ணன் பொறுத்துக்குவான். பஸ்ஸுல ஏறு."

இருட்டறையில் மகளின் தடித்த உள்ளங்கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மரூசோ திரையையே பார்த்தாள். டாக்டரம்மா மகளின் நெஞ்சிலிருந்த பசையைத் துடைத்துவிட்டார்.

"இவளுக்கும் இருக்கும்மா. இப்பத்தான் ஆரம்பம். அடுத்த வாரம் வந்தாக்கூட…"

மரூசோ கறுப்பு முக்காட்டை இழுத்து முடிந்துகொண்டாள்.

"நாளைக்குக் கப்பல் எத்தனை மணிக்கு, டாக்டரம்மா?"